நரம்புச் சிலந்தி வந்த வழியும் போன வழியும்

நரம்புச் சிலந்தி என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? பள்ளி மாணவர்களாக இருந்தால் அநேகமாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் எண்பது வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். சிலந்தி என்றதும் எட்டுக்கால் பூச்சி நினைவுக்கு வரலாம். ஆனால் கட்டி, கொப்புளம் என்ற பொருளும் தமிழில் அச்சொல்லுக்கு உண்டு. காலில் ஒரு கொப்புளம் எழும்பும். அது உடைந்ததும் உள்ளிருந்து நரம்பு போன்ற ஒன்று வெளியே தலை நீட்டும். அந்தக் காட்சியைக் கண்டவர்கள் வைத்த பெயர்தான் நரம்புச் சிலந்தி. கண்ணால் காணாத நோய்க்கு மக்கள் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் சூட்டுவதில்லை. அந்த நோய் நம்மிடையே வாழ்ந்தது என்பதற்கு இப்பெயரே ஒரு சாட்சி.

நரம்பு என்று தோன்றுவது உண்மையில் ஒரு புழு. பெண் புழு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். பருமனோ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். இதைக் கொல்ல அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியும் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற ஆறுதலும் கிடையாது. வெளியே வந்த நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மெல்ல இழுத்து வெளியேற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிட்டால் உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்து, நோயாளியைப் படுக்கையில் தள்ளிவிடும். இதனால் இறந்தவர்கள் அதிகமில்லை. உழவு நாளிலும் அறுவடை நாளிலும் எழுந்து நடக்க முடியாமல் வீட்டின் வருமானத்தை இழந்தவர்கள்தாம் அதிகம்.

மருந்தும் ஊசியும் இல்லாத ஒரு நோயை இந்தியா எப்படி ஒழித்தது? இக்கட்டுரை அதைப் பற்றியதே. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவம் என்று சொல்வதைவிடப் பொறியியல் என்றும் கணக்கு என்றும் சொல்லத்தக்க பகுதி இந்தக் கதையில் மிகுதி. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

ஒரு வட்டம்

1870ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சி ஃபெட்சென்கோ என்ற ருஷ்ய இளைஞர் மத்திய ஆசியாவில் துர்கெஸ்தான் பகுதியில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். குளத்து நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் உடலுக்குள் இந்தப் புழுவின் இளம்புழுக்கள் நுழைந்து வளர்வதை அவர் கண்டார். சைக்ளாப்ஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாதது. கண்ணாடித் தம்ளரில் நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளுவது தெரியும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆல்ப்ஸ் மலைப்பனியில் அந்த இளைஞர் உயிரிழந்தார். அவர் கண்டது உண்மை என்பதை மற்றவர்கள் ஐயமறத் தெளிய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியதாயிற்று.

அவர் காட்டிய வழியைத் தொடர்ந்து சென்றால் கிடைப்பது ஒரு வட்டம். சைக்ளாப்ஸ் உள்ள நீரை ஒருவர் குடிக்கிறார். வயிற்றில் சைக்ளாப்ஸ் செரித்துப்போகிறது. அதனுள் இருந்த இளம்புழு தப்பி உடலுக்குள் நுழைகிறது. பத்து முதல் பதினான்கு மாதங்கள் வரை எந்த அறிகுறியும் இல்லை. பிறகு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கொப்புளம் எழும்புகிறது. நெருப்பு வைத்தாற்போல எரிகிறது. எரியும் காலை மனிதன் என்ன செய்வான்? தண்ணீரில் வைப்பான். கால் நீரில் பட்டதும் புழு இலட்சக்கணக்கான இளம்புழுக்களைக் கக்குகிறது. அவற்றைச் சைக்ளாப்ஸ் விழுங்குகிறது. இரண்டு வாரங்களில் அவை அடுத்த மனிதனுக்காகத் தயாராகிவிடுகின்றன.

இந்த வட்டத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது எரிச்சல்தான். வலியைத் தணிக்க நோயாளி செய்யும் வேலையே நோயைப் பரப்பும் வேலையாக அமைந்துவிடுகிறது. மற்றொன்று காலம். சித்திரையில் குடித்த நீருக்கும் அடுத்த சித்திரையில் எழும்பும் கொப்புளத்துக்கும் இடையே ஓராண்டு. இரண்டையும் முடிச்சுப் போட எவருக்குத் தோன்றும்? ஆகவே தெய்வக் குற்றம் என்றார்கள், சூடு என்றார்கள். நம் நாட்டில் கோடை முற்றி நீர்நிலைகள் சுருங்கும் காலத்தில்தான் எஞ்சிய நீரில் சைக்ளாப்ஸ் நெருக்கமாகத் திரண்டிருக்கும். சரியாக அதே பருவத்தில் முந்தைய ஆண்டின் புழுக்களும் வெளியே வரும். கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று வருவதைப் போன்ற பொருத்தம் இது.

பெருக்கலின் வலிமை

ஒரு பொருளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து ஆராய்வது நாம் பள்ளியில் கற்கும் முறை. பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன, ஒன்றின் விளைவு சுற்றி வந்து அதையே எவ்வாறு தாக்குகிறது, எங்கே காலதாமதம் உள்ளது என்று பார்ப்பது வேறொரு முறை. அதை அமைப்பு நோக்கு என்று சொல்லலாம். 1948இல் நார்பர்ட் வீனர் எழுதிய நூலும், 1950களில் ஜே ஃபாரஸ்டர் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வுகளும் இதற்குக் கணித வடிவம் கொடுத்தன. பெயர் புதிது. ஆனால் ஊரில் மடை திறந்து கடைவரப்பு வரை நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு இந்த நோக்கு புதிதன்று.

ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த ஆண்டு சராசரியாக இரண்டு புதிய நோயாளிகள் உண்டாகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நோயாளி நீரில் இறங்க வேண்டும். இளம்புழுவைச் சைக்ளாப்ஸ் விழுங்க வேண்டும். அந்தச் சைக்ளாப்ஸ் இரண்டு வாரம் உயிர் வாழ வேண்டும். அந்நீரை யாரேனும் வடிகட்டாமல் குடிக்க வேண்டும். இந்த நான்கும் நடந்தால்தான் புதிய நோயாளி. இவற்றுள் ஒன்றை மட்டும் நூற்றுக்கு முப்பது அளவு குறைத்தால், இரண்டு என்பது 1.4 ஆகும். ஆயிரம் நோயாளிகளுடன் தொடங்கினால் ஐந்து ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கு மேல் பெருகிவிடும். செய்த வேலை பலனற்றது என்று ஊர் பேசும். நான்கையுமே அதே முப்பது அளவு குறைத்தால்? 0.7 என்பதை நான்கு முறை பெருக்கினால் 0.24. இரண்டு என்பது 0.48 ஆகிவிடுகிறது. அதே ஆயிரம் பேர் ஐந்து ஆண்டுகளில் இருபத்தைந்தாகவும், பத்து ஆண்டுகளில் ஒருவருக்கும் குறைவாகவும் சுருங்குவார்கள்.

எந்த வேலையும் முழுமையாகச் செய்யப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு அரைகுறை முயற்சிகள் சேர்ந்து நோயை வேரறுத்துவிட்டன. கூட்டலில் நடக்காதது பெருக்கலில் நடக்கிறது. பகுதி ஒன்றுக்கு ஒரு கீழ் எல்லையாவது வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

படிக்கட்டும் துணியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றவர்கள் திருமுக்குளத்தைப் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டுகள் அழகாக இறங்கிச் செல்லும். நம் நாட்டுக் குளங்களையும் ஊருணிகளையும் படிக்கிணறுகளையும் படிகளில்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. கோடையில் நீர் எவ்வளவு கீழே போனாலும் வயதானவரும் குடத்தோடு இறங்கி மொண்டுவர வசதியான ஏற்பாடு அது. ஆனால் குடிநீருக்கென்று வைத்த நீர்நிலையில் அந்தப் படிதான் வட்டத்தை இணைக்கும் கண்ணி. உறையிட்டுச் சுவர் எழுப்பிய கிணற்றில் வாளிதான் இறங்கும், கால் இறங்காது. படிக்கிணற்றில் காலும் குடமும் ஒரே நீரில் இறங்கும். ஊர்ப் பொதுக்கிணற்றில் இறைக்க விடப்படாத மக்களுக்கு இறங்கி மொள்ளும் குட்டையே கதியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. புழு சாதி பார்ப்பதில்லை. கிணற்றடியில் சாதி பார்த்த ஊர் அந்தப் புழுவுக்கு நல்ல இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

மைசூர் சமஸ்தானத்தின் சித்திரதுர்க்கம் பகுதியில் 1930களில் வி. என். மூர்த்தி என்ற ஆய்வாளர் வேறொரு கண்ணியைப் பிடித்தார். படிக்கிணறுகளில் கெண்டை இன மீன்களை விட்டார். அவை சைக்ளாப்ஸைத் தின்றன. மருந்து வாங்கப் பணமில்லாத காலத்துக்கு ஏற்ற, செலவில்லாத வழி. மீனை ஊரார் பிடித்துத் தின்றுவிடாமல் இருந்தால்!

1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதே 1939இல் இராஜபாளையத்தில் இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டு ஒத்துப்போவது தற்செயல்தான். ஆயினும் இராஜபாளையத்தைப் பற்றி இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி, மருத்துவமனைகள் பலவற்றுக்குப் போகிறது. துணியில் வடிகட்டினால் சைக்ளாப்ஸ் தங்கிவிடும் என்று சொன்னவுடன், “அப்படியானால் நம் ஊர்த் துணி போதுமே சார்!” என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். நல்ல கேள்வி. கட்டுத்துணி கசிவை உறிஞ்ச வேண்டும், புண்ணுக்குக் காற்றுப் போக வேண்டும் என்பதற்காக நெய்யப்படுவது. அதன் கண்கள் பெரியவை. ஒற்றை மடிப்பில் சைக்ளாப்ஸ் எளிதாக நழுவிவிடும். 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் வேண்டும். நெருக்கமாக நெய்த வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டச் சொன்னது அதனால்தான். ஆனால் பருத்தி நூல் நனைந்தால் பருக்கும், கண் அடைபடும், நீர் இறங்கத் தாமதமாகும். தலையில் அடுத்த குடத்தோடு காத்து நிற்கும் பெண்மணி எத்தனை நாள் பொறுப்பார்? பின்னாளில் ஆப்பிரிக்க நாடுகளில் ஒற்றை இழை நைலான் துணியை வழங்கினார்கள். நைலான் நீரில் பருப்பதில்லை.

கைப்பிடியைக் கழற்றியதும் மாட்டியதும்

1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் ஒரு தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் நாட்டில் பொதுச் சுகாதாரத்தின் கதை நேர்மாறானது. இங்கே கைப்பிடியை மாட்டித்தான் நோயை விரட்டினோம்.

1966-67 வறட்சியை அடுத்து, கடினப் பாறையையும் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. அவற்றின் மேல் வார்ப்பிரும்புக் கைப்பம்புகளைப் பொருத்தினார்கள். ஒரு குடும்பம் நாளுக்குச் சில வாளி இறைப்பதற்கென்று வெளிநாட்டில் வடிவமைத்த பம்பின் நகல் அது. நம் ஊரிலோ கோழி கூவுவதற்கு முன் தொடங்கி இருட்டும் வரை நூற்றுக்கணக்கானவர்கள் மாறி மாறி அடிப்பார்கள். 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. பம்பு பழுதானால் மக்கள் எங்கே போவார்கள்? பழைய குட்டைக்குத்தான்.

இதற்கு விடையாக வந்தது இந்தியா மார்க் இரண்டு என்ற கைப்பம்பு. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பக்கத்தில் பட்டறைக்காரர்கள் உருவாக்கிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆழமான கிணறுகளில் சோதித்து, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில் 1970களின் பிற்பகுதியில் பெருமளவில் தயாரித்தார்கள். நம் தெருமுனைகளில் நீங்கள் அடித்து விளையாடிய பம்பு இதுதான்.

அதன் தலைப்பெட்டியைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடியின் முனை ஒரு வட்டத்தின் வில்லாக நகர்கிறது. உள்ளே இறங்கும் தண்டோ நேர்க்கோட்டில் ஏறி இறங்க வேண்டும். வில்லை நேராக்குவதற்கு, கைப்பிடியின் உட்பகுதியில் கால்வட்ட வடிவத் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சைக்கிள் சங்கிலி போன்ற ஒரு சங்கிலியைப் படிய விட்டிருக்கிறார்கள். சங்கிலி எப்போதும் தொடுகோட்டில் தொங்கும், தண்டு பக்கவாட்டில் இழுபடாது, தேய்மானம் குறையும். பழைய பம்புகள் பல உறிஞ்சு பம்புகள். காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம் சுமார் 10.3 மீட்டர்தானே? அதற்கு மேல் எவ்வளவு பலசாலி அடித்தாலும் நீர் ஏறாது. மார்க் இரண்டில் உருளையைக் கீழே நீருக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். உறிஞ்சும் வேலை தூக்கும் வேலையாக மாறியது. நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்தும் நீர் வந்தது.

நல்ல பம்பும் ஒரு நாள் கெடும். யார் சீர்செய்வது? இங்குதான் தமிழ்நாடு ஒரு வழி காட்டியது. 1971இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 1970களில் மூன்றடுக்குப் பராமரிப்பைக் கொண்டுவந்தன. ஊரில் ஒரு பம்புக் காவலர். ஒன்றியத்தில் ஒரு பழுதுபார்ப்பவர். மாவட்டத்தில் குழாயையே மேலே தூக்கக்கூடிய நடமாடும் குழு. காவலர் செய்ய வேண்டியது மரையாணிகளை முடுக்குவதும், சங்கிலிக்கு மசகு போடுவதும், தன்னால் இயலாதபோது கொடுத்து வைத்த அஞ்சலட்டையை எழுதித் தபாலில் போடுவதும்தான்.

அந்த அஞ்சலட்டையை நான் பெரிதாக மதிக்கிறேன். பம்பு கெட்ட செய்தி அதைச் சரிசெய்யக் கூடியவரின் காதுக்குப் போகாத வரையில், உருக்கும் சங்கிலியும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்? பின்னூட்டம் என்று பாடத்தில் நாங்கள் வரைந்து காட்டும் அம்புக்குறி, இங்கே ஓர் அஞ்சலட்டை. ஆனால் அட்டை போய்ச் சேர்ந்து ஆள் வர வாரங்கள் ஆன ஊர்களும் உண்டு. காத்திருந்த நாளெல்லாம் குட்டை நீர்தான். குழாயைத் தூக்காமலே உருளையின் உள்ளுறுப்பை வெளியில் எடுக்கும்படி, அடுத்த வடிவமான மார்க் மூன்றை மறுபடியும் கோவைப் பக்கத்திலேயே 1980களில் சோதித்தார்கள். மூன்றாம் அடுக்கின் வேலையில் ஒரு பகுதியை முதல் அடுக்குக்கு இறக்கும் முயற்சி அது.

வட்டம் அறுந்தது

நரம்புச் சிலந்தி ஒழிப்புக்கான தேசியத் திட்டம் 1983-84இல் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நோய் இருந்ததாகக் கணக்கு. 1984இல் நாடெங்கும் ஏறக்குறைய 40,000 நோயாளிகள். ஆழ்துளைக் கிணறு, படிக்கிணற்றின் படிகளை மூடுதல், டெமிஃபாஸ் மருந்தால் சைக்ளாப்ஸைக் கொல்லுதல், துணியில் வடிகட்டுதல், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடுதல், கொப்புளம் உள்ளவர் நீரில் இறங்காதபடி கட்டுப்போடுதல் ஆகிய யாவும் ஒருசேர நடந்தன. தமிழ்நாடு 1980களின் தொடக்கத்திலேயே விடுபட்டது. மற்ற மாநிலங்களுக்கு மேலும் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா நோயற்ற நாடு என உலக நிறுவனம் சான்றளித்தது.

உலகக் கணக்கு இன்னும் வியப்பானது. 1986இல் 35 இலட்சம் பேர் என மதிப்பிட்ட நோய், 2023இல் 14 பேரிடமும் 2024இல் 15 பேரிடமும் மட்டுமே காணப்பட்டது. ஆனால் அந்தப் பதினைந்து ஏன் பூச்சியமாகவில்லை? 1995க்குள் ஒழிப்போம் என்றார்கள். இன்று 2030 என்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பத்தாண்டு நோயே இல்லாதிருந்து, 2010இல் மீண்டும் நோயாளிகள் தென்பட்டார்கள். ஊருக்கு ஒருவர், தொடர்பற்ற இடங்களில். குடிநீர் வழியாகப் பரவியிருந்தால் ஒரே ஊரில் பலருக்கு வர வேண்டும். 2012 முதல் காரணம் புலப்படத் தொடங்கியது. நாய்களின் உடலிலிருந்து அதே புழு வெளியே வந்தது! 2019இல் மட்டும் சாட் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள். ஆற்றோரம் மீன் உலர்த்தும் இடங்களில் வீசி எறிந்த மீன்குடலைத் தின்று அவை நோய் பெற்றிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மனிதன், நீர், சைக்ளாப்ஸ் என்று நூறாண்டுக்கு மேலாக நாம் வரைந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வேறொரு வட்டமும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அங்கே மீன்குடலைப் புதைக்கிறார்கள். நாய்களைக் கட்டி வைக்கிறார்கள். பம்பும் வடிதுணியும் மட்டும் போதவில்லை.

இரண்டு கடிகாரங்கள்

கைப்பம்பு இன்று தெருமுனையில் துருப்பிடித்து நிற்கிறது. நீர்மட்டம் அதற்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது, அல்லது வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. குழாய் வந்தால் போதுமா? ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களில் இருப்பவர்களிடம் இதைக் கேட்க வேண்டியதில்லை. குழாயில் நீர் நாள்தோறும் வராத ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம் இருக்கும், தொட்டி இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதைத் தேடித்தான் வரும்.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏடிஸுக்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். இது கொசுவின் கடிகாரம். நகராட்சியின் தண்ணீர் முறை மற்றொரு கடிகாரம். மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் வந்து, டிரம் ஒவ்வொரு முறையும் காலியானால், கொசுவுக்கு நேரம் போதாது. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் கொசுவின் கடிகாரம் முந்திக்கொள்ளும். தண்ணீர் விடும் அட்டவணையைப் போடுபவர் ஒரு துறையில் இருக்கிறார். காய்ச்சல் கணக்கை எழுதுபவர் வேறொரு துறையில் இருக்கிறார். இருவரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயனுள்ள செய்தி கிடைக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள்ளும் ஒரு வட்டம் உண்டு. அடுத்த தண்ணீர் எப்போது வருமோ என்ற அச்சத்தில் டிரம்மை யாரும் முழுதாகக் காலி செய்வதில்லை. பாதி இருக்கும்போதே நிரப்பி விடுகிறார்கள். ஏடிஸ் முட்டையிடுவது நீரின் மேலன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான உட்சுவரில். உலர்ந்த நிலையிலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும். நிரப்பும்போது நீர் ஏறி முட்டையைத் தொடுகிறது, முட்டை பொரிக்கிறது. ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாயைத் துணியால் மூட வேண்டும். சைக்ளாப்ஸைத் தடுக்க உதவாத அதே சத்திரப்பட்டிக் கட்டுத்துணி இதற்கு உதவும். கொசு பெரியது, இரண்டு மடிப்பாகப் போட்டு, நீரில் தொய்ந்து படாதபடி இறுக்கிக் கட்டினால் அது உள்ளே நுழையாது.